கல்லைப் பார்த்து நிலத்தை அறிவோம்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, பின்னர் வன்னியில் குடியேறின. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லிலே கிணறு வெட்டிப் பழகிய கைகள் அவை. வன்னியின் உட்பகுதியிலோ அடியில் கிடப்பது கருங்கல். கருங்கல் என்ற ஒரே பெயரால் நாம் அழைக்கும் கற்கள் உண்மையில் பலவகைப்பட்டவை. அவற்றைப் பிரித்தறிவது நமக்குப் பயன் தரும்.

பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகியதே தீப்பாறை. இதன் வகைகள் இரண்டு காரணங்களால் வேறுபடுகின்றன.

முதலாவது, ஆறிய வேகம். பனம்பாணியை நினைத்துப் பாருங்கள். துழாவிக் குட்டானில் வார்த்தால் விரைவில் இறுகிப் பனங்கட்டியாகும். அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியா. அதையே பானையில் அசையாமல் பல நாள் விட்டால் பெரிய கற்கண்டு விளையும். பாறையும் அப்படியே. நிலத்தின் ஆழத்தில் மெல்ல ஆறிய கிரனைற்றில் மணிகள் பெரியவை. எரிமலையிலிருந்து வெளியே வழிந்து விரைவாக ஆறிய பசால்ற்றில் மணிகள் மிக நுண்ணியவை. வாயு நிறைந்த குழம்பு நுரைத்தபடியே இறுகினால் நுரைக்கல்லாகும். 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது இத்தகைய கற்கள் இந்து சமுத்திரத்தில் மிதந்தன.

இரண்டாவது, குழம்பின் சேர்க்கை. கிரனைற்றில் சிலிக்கா ஏறக்குறைய 70 வீதம். ஆகவே வெண்மை, சாம்பல், இளஞ்சிவப்பு நிறங்களில் இருக்கும். பசால்ற்றில் அது ஏறக்குறைய 50 வீதமே. இரும்பும் மக்னீசியமும் கூட. ஆகவே அது கறுத்தது, பாரமானது. பசால்ற்றின் சேர்க்கையுள்ள குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறினால் கப்ரோ. பாறை வெடிப்புக்குள் சுவர்போல் புகுந்து இறுகினால் டொலரைற்.

இவை உக்கும்போது மண்ணும் வேறுபடுகிறது. கிரனைற்றிலுள்ள படிகம் உக்காது மணலாக எஞ்சுவதால், மண் நீரை விரைவில் கீழே விட்டுவிடும், பசளையும் தங்காது. அங்கே சாணமும் இலைகுழையும் தாராளமாக இடவேண்டும். பசால்ற், டொலரைற் உக்கிய மண் களித்தன்மையானது. ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இலங்கையின் கருங்கற்களிற் பெரும்பாலானவை தீப்பாறைகளே அல்ல. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள். உடைத்த முகத்தில் வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடினால் அது உருமாறிய பாறை. மணிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் கிரனைற் என்று கொள்ளலாம். புத்தளத்துப் பக்கமுள்ள தோணிகலப் பாறை இளஞ்சிவப்புக் கிரனைற்றுக்கு நல்ல உதாரணம்.

எந்தக் கருங்கல்லானாலும் கிணற்றைப் பொறுத்தவரை பாடம் ஒன்றே. சுண்ணக்கல்லில் உள்ளதுபோல் நீர் கரைத்த குகைகள் இதில் இல்லை. மேலே உக்கிய படையிலும், கீழே வெடிப்புகளிலுமே நீர் நிற்கும். ஆகவே வெட்டுமுன் அயற்கிணறுகளில் உக்கிய படையின் ஆழத்தைக் கேட்டறியுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியான நிலத்தில் மட்டுமே மண்வெட்டியை வையுங்கள்.

பாறைமேல் வீடு கட்டிய புத்தியுள்ள மனிதனின் உவமையை நாம் அறிவோம். அவனும் முதலில் தன் நிலத்தை அறிந்தே கட்டியிருப்பான். புதிய மண்ணில் வேரூன்ற முயலும் நாமும் அவ்வாறே அறிந்து தொடங்குவோம்.