பழைய மோட்டாருக்கு எந்தப் பிளக்?

பழவேற்காட்டில் செகண்ட் ஹேண்ட் அவுட்போர்டு வாங்கி வருகிறவர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இதுல இருக்கற பிளக் மாதிரியே புதுசா ஒண்ணு குடு." தர மாட்டேன். முன்னால் வைத்திருந்தவர் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். மோட்டாரின் மாடல் எண்ணுக்குக் கம்பெனி புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

பிளக்கில் அச்சடித்த எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். என்ஜிகே 'பி7எச்எஸ்-10' என்றால், பி என்பது 14 மில்லிமீட்டர் மரை. எச் என்பது மரையின் நீளம், 12.7 மில்லிமீட்டர். கடைசிப் பத்து, தீப்பொறி இடைவெளி 1 மில்லிமீட்டர். எச்சுக்குப் பதில் 'இ' வாங்கினால் நீளம் 19. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டலாம். நடுவிலுள்ள 7 வெப்ப அளவு. என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. பாஷ் கம்பெனியின் இப்போதைய குறியீட்டில் நேர்மாறு. கம்பெனி மாற்றி வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கழற்றிய பிளக் காபித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் சூடு அதிகம், பிஸ்டனே ஓட்டையாகும். கறுத்து எண்ணெய் வழிவது, வலையோரம் மெதுவாகவே ஓடும் டூ ஸ்ட்ரோக்கில் சகஜம். மண்ணெண்ணெய் ஊற்றினால் இன்னும் கூடும். அதற்காகச் சூடான பிளக்குக்குத் தாவ வேண்டாம். ஆயில் கலவையைப் பாருங்கள், நிறுத்துமுன் சற்றுநேரம் பெட்ரோலில் ஓட்டுங்கள். பிளக் அடைத்து முகத்துவாரத்து அலையில் மோட்டார் நின்றால் படகு புரளலாம். ஸ்பேர் பிளக்கும் ஸ்பேனரும் தண்ணீர் புகாத டப்பாவில் படகிலேயே இருக்கட்டும்.