நெஞ்சுக்குள் இயந்திரக் கை

நுரையீரல் கட்டியை இயந்திர மனிதன் அறுத்தெடுக்கும் என்றதும் திகைக்காதீர்கள், வாசகர்களே! இயந்திரம் தானாக எதையும் அறுப்பதில்லை. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் மருத்துவரின் கையசைவையே பின்பற்றுகிறது.

1990களில் பரவிய துளைவழிச் சிகிச்சையில் கேமராவும் நீண்ட, விறைப்பான கருவிகளும் விலா எலும்புகளுக்கிடையே நுழைகின்றன. அவற்றைத் திருப்புவது சிரமம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'டாவின்சி' இயந்திரத்தின் கருவிகளோ மணிக்கட்டுப்போல் வளையும். உட்புறம் முப்பரிமாணத்தில் தெரியும்.

ஆனால் செலவு அதிகம். இரண்டிலும் நெஞ்சை அகலத் திறக்க வேண்டியதில்லை. நோயாளிகள் தேறுவதும் பெரும்பாலும் ஒன்றுபோலவே. ஆகவே, நகையை அடகு வைக்குமுன் ஒன்று கேளுங்கள்: "டாக்டர், இந்தச் சிகிச்சையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" இயந்திரத்தின் விலையைவிட, அதை இயக்கும் கையின் பழக்கமே முக்கியம்.