டொக்சிசைக்லின் எங்கே போய் உட்காருகிறது?

மழைக்காலத்தில் ஹல்துமுல்லைப் பக்கம் வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. அதைத் தடுக்கவும் குணப்படுத்தவும் இலங்கையில் டொக்சிசைக்லின் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரை பக்டீரியாவை எப்படி அடக்குகிறது?

பக்டீரியா தன் புரதங்களைக் கட்டும் இடம் ரைபோசோம். அமினோ அமிலத்தைச் சுமந்து அங்கே வருவது கடத்து ஆர்.என்.ஏ. அது தனியாக வருவதில்லை. இஎஃப்-டியூ என்ற புரதம் பிடித்துக் கூட்டிவருகிறது. செய்தி ஆர்.என்.ஏ.வோடு பொருந்தினால்தான் அந்தப் பிடி விடும். ரைபோசோமில் கடத்து ஆர்.என்.ஏ. அமரும் நடு இருக்கையில் எஸ்9, எஸ்13 என்ற இரு புரதங்களின் வால்கள் நீண்டு அதைத் தொடுகின்றன. வேலை முடிந்தபின் வெளியேற எல்1 என்ற புரதம் உள்ள தண்டு துணை செய்கிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது அந்த வால்கள். இரண்டையும் நீக்கினாலும் ஈ.கோலை பக்டீரியா சாவதில்லை, மெதுவாக வளர்கிறது! அமினோ அமிலங்களை இணைக்கும் மையத்திலும் வேலை செய்வது ஆர்.என்.ஏ.தான். புரதங்கள் இறுக்கிப் பிடிக்கின்றன, வேகத்தையும் துல்லியத்தையும் கூட்டுகின்றன.

இதையெல்லாம் அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரைபோசோமின் சிறு துண்டின் வடிவத்தை அவர் குழு 2000இல் வெளியிட்டது. 2009இல் தோமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்தார். டெட்ராசைக்லின் அந்தத் துண்டில் எங்கே ஒட்டுகிறது என்பதையும் 2000இலேயே அவர் குழு படம்பிடித்தது. டொக்சிசைக்லினும் அதே குடும்பம். புதிய கடத்து ஆர்.என்.ஏ. அமர வேண்டிய இருக்கையையே அது அடைத்துக்கொள்கிறது. இஎஃப்-டியூ கூட்டிவந்தாலும் இடமில்லை. புரதச் சங்கிலி வளராமல் நின்றுவிடுகிறது.