மணவிலக்கும் மாறாத பெயர்களும்

செந்தூல் இரயில்வே பட்டறையைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வேரூன்றிய நாளில், கணவனும் மனைவியும் ஒத்து வாழ இயலாதபோது பெரியவர்கள் கூடிப் பேசித் ‘தீர்த்துவிடுவது’ என்னும் பழைய தமிழ் வழக்கம் அறியாதார் இலர். பாத்திரம் பண்டம் யாருக்கு, பிள்ளை யாரிடம் என்று வாய்மொழியாகவே முடிவு செய்து கலைந்துவிடுவர். இன்று அத்தகைய தீர்வுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1976 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் ஒருவரது இறப்பாலோ நீதிமன்ற ஆணையாலோ அன்றி முடிவுறுவதில்லை. அந்நாளுக்கு முன்னர் வழக்கப்படி கோயிலில் தாலி கட்டிய மணமும் பதிவு பெற்றதாகவே கருதப்படும். ஆதலின் அதனையும் உயர்நீதிமன்றமே கலைத்தல் வேண்டும்.

இவ்வளவும் பலர் அறிந்ததே. அறியாதது அடுத்த படி. நீதிமன்றம் மணத்தைக் கலைக்கின்றது. ஆனால் அந்த மணத்தை நம்பி எழுதப்பெற்ற தாள்கள் எவற்றையும் அது தானாகத் திருத்திவிடுவதில்லை. அவற்றில் பழைய பெயர் அப்படியே நிற்கும்.

முதலில் தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். நீதிபதி முதலில் தருவது இடைக்கால ஆணையே. நீதிமன்றம் குறுகிய தவணை குறிப்பிட்டாலன்றி, மூன்று திங்கள் கழிந்த பின்னரே அது முடிவான ஆணையாகும். இடைக்கால ஆணையைக் கையில் வாங்கியவுடன் எல்லாம் முடிந்தது என்று கருதி மறுமணத்திற்கு நாள் பார்ப்பது பெரும்பிழை. அதுகாறும் பழைய மணம் உயிரோடுதான் இருக்கின்றது.

இனிச் சொத்து. 76 ஆம் பிரிவின்கீழ், மணவாழ்வின்போது சேர்த்த சொத்தை நீதிமன்றம் பகிர்ந்தளிக்கலாம். பணம் போட்டவர் யார் என்பதை மட்டும் அது பார்ப்பதில்லை. வீட்டையும் பிள்ளைகளையும் பேணியவரின் உழைப்பு, இருவர் நலனுக்காகவும் பட்ட கடன், சிறு பிள்ளைகளின் தேவை ஆகியவையும் கணக்கில் வரும். 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் மணவாழ்வின் கால அளவையும் இவற்றோடு சேர்த்தது. சம்பளம் வாங்காத மனைவிக்கு இதில் பெரிய பாதுகாப்பு உண்டு. ஆயினும் வீடு மனைவிக்கு என்று தீர்ப்பில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. 1965 ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் நில அலுவலகப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்குச் சான்று. பெயர்மாற்றம் பதிவாகும்வரை ஆணை பெட்டிக்குள் உறங்கும் காகிதமே. வங்கிக் கடனோ இன்னும் கடினமானது. வீட்டுக்கடனில் இருவரும் கையொப்பமிட்டிருந்தால், ‘கடனைக் கணவரே கட்டவேண்டும்’ என்று அவர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவறினால் வங்கி மனைவியையும் தேடி வரும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வங்கியின் இசைவு வேண்டும்.

எல்லாவற்றினும் மறைவாகத் தீங்கு செய்வது ஊழியர் சேமநிதி வாரியத்தில் எழுதிக்கொடுத்த நியமனம். பட்டறைத் தொழிலாளியோ பள்ளி ஆசிரியரோ, மணமான புதிதில் மனைவியின் பெயரை எழுதிக்கொடுத்திருப்பார். இருபது ஆண்டுகள் கழித்து மணவிலக்கு நிகழ்கின்றது. பிள்ளைகள் அவரிடமே வளர்கின்றனர். படிவத்தை எவரும் நினைப்பதில்லை. அவர் திடீரென்று இறந்தால் பணம் யாருக்கு? முஸ்லிம் அல்லாத உறுப்பினரின் நியமனதாரர் அப்பணத்தைத் தமக்கே உரியதாகப் பெறுகின்றார். மணவிலக்கு அந்த நியமனத்தை அழிப்பதில்லை. புதிய நியமனம் செய்தாலே பழையது நீங்கும். இதற்கு வழக்கறிஞரும் வேண்டா. வாரியத்தில் ஒரு படிவம் நிரப்பினால் முடிந்துவிடும். அவ்வளவு எளிதாகையாலேயே மறக்கப்படுகின்றது போலும்!

ஆயுள் காப்புறுதி இதற்கு நேர்மாறானது. அங்கே நினைவிருந்தாலும் தனியே செய்துவிட முடியாது. 2013 ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, கணவனோ மனைவியோ நியமனதாரராக எழுதப்பெற்றால் அத்தொகை அவருக்கான அறக்கட்டளையாகிவிடும். அறங்காவலரின் எழுத்து மூலமான இசைவின்றி அதனை மாற்ற இயலாது. வேறு அறங்காவலரை நியமிக்காதபோது அந்த முன்னாள் துணைவரே அறங்காவலராக இருப்பார். ஆகவே அவரது இசைவை மணவிலக்கு உடன்படிக்கை பேசும் வேளையிலேயே எழுதி வாங்குதல் வேண்டும். பின்னர் கேட்டால் கிடைக்கும் என்று எவர் உறுதி கூறுவர்?

உயிலிலும் ஒரு விந்தை உண்டு. 1959 ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் பொதுவாகச் செல்லாது. மணவிலக்குக்கோ அந்த வலிமை இல்லை. ‘என் சொத்தெல்லாம் என் மனைவிக்கு’ என்று பெயர் குறித்து எழுதிய உயில், மனைவி மனைவியாக இல்லாதபோதும் நின்றுவிடக் கூடும். புதிய உயில் எழுதுவதே தக்க வழி.

எஞ்சியது ஜீவனாம்சம். ஜீவனம் என்பது பிழைப்பு, அம்சம் என்பது பங்கு. பிழைப்புக்குரிய பங்கு என்பது சொற்பொருள். சொல்லிலேயே அது இரக்கத்தால் இடும் கொடையன்று, உரிமை என்பது தெளிவு. ‘மொத்தமாக இவ்வளவு தருகிறேன், இனி ஒன்றும் கேட்கக் கூடாது’ என்று செய்யும் ஒப்பந்தம் நீதிமன்றம் ஏற்றாலன்றிச் செல்லாது. மாதத் தொகை நின்றுபோனால் வாளாவிருத்தல் தகாது. வழக்குத் தொடுக்கும் நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முற்பட்ட பாக்கியை மீட்க முடியாது. கொடுக்க வேண்டியவர் மாதச் சம்பளக்காரராயின், சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்குமாறு ஆணை பெறுவதற்கு 1968 ஆம் ஆண்டின் சட்டமொன்று உண்டு. பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால் அவருக்குரிய தொகை நின்றுவிடும், பிள்ளைகளுக்குரியது வேறு.

பிள்ளைகளைப் பற்றியதில் ஆசிரியப் பெருமக்கள் கருதத்தக்க செய்தியொன்று உண்டு. பிள்ளைக்கான பராமரிப்பு பதினெட்டு வயதோடு முடிந்துவிடும், பல்கலைக்கழகப் படிப்புக்கு நீளாது என்று 2004 இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறாம் படிவம் முடிக்குமுன்பே தந்தையின் கடமை நின்றுவிடும் நிலை அது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தம், 2018 டிசம்பர் 15 முதல் இதனை மாற்றியது. மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ முடியும்வரை ஆணை நீடிக்கலாம் என்பது இன்றைய சட்டம். பழைய ஆணை வைத்திருக்கும் தாய், தொகையோ நிபந்தனையோ இன்றைய நிலைக்குப் பொருந்தாதாயின், அதனை மாற்றித் தருமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். செந்தூலிலிருந்து அவ்வுயர்நீதிமன்றம் தொலைவிலில்லை. டூத்தா சாலை என்று முன்னர் வழங்கிய துவாங்கு அப்துல் ஹலிம் சாலையில் உள்ளது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்க்கு அரசின் சட்ட உதவித் துறையும் உண்டு. அங்கே செல்லும்போது பழைய ஆணையின் சான்றுபெற்ற நகலையும் பிள்ளையின் சேர்க்கைக் கடிதத்தையும் உடன் கொண்டு செல்லுதல் நலம்.