சீனக் கிராமத் தொழில்கள் – 6: ஊருக்குள் நின்ற லாபம்

ஷாங்காய்க்கு மேற்கே சுஜோ, ஊஷி, சாங்ஜோ என்று மூன்று நகரங்கள். இவற்றைச் சுற்றியுள்ள பகுதிக்கு சூநான் என்று பெயர். 1980-களில் வார இறுதி வந்தால் ஷாங்காயிலிருந்து இந்தக் கிராமங்களுக்கு ஆட்கள் வந்து இறங்குவார்கள். எல்லோரும் அரசு ஆலைகளில் வேலை பார்த்த பொறியாளர்கள். ஞாயிறு முழுக்க ஊர்ப் பட்டறையில் இயந்திரங்களைச் சரிசெய்து, இளைஞர்களுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திங்களன்று தங்கள் ஆலைக்குத் திரும்பிவிடுவார்கள். ‘ஞாயிற்றுக்கிழமைப் பொறியாளர்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்தது.

கம்யூன்கள் கலைந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அவை விட்டுப்போன சிறு ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் 1984-இல் ஊரகத் தொழில் நிறுவனங்கள் என்று புதுப்பெயர் வந்தது. 1978-இல் சுமார் 2.8 கோடிப் பேர் வேலை பார்த்த இந்தத் துறையில் 1996-இல் 13.5 கோடிப் பேர் இருந்தார்கள். இது தாங்கள் எதிர்பாராத பலன் என்று டெங் ஷியாவ்பிங்கே 1987-இல் ஒப்புக்கொண்டார். இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஆலைகள் எந்த ஊர்களில் செழித்தன என்பதையும் கேட்க வேண்டும்.

சூநானின் தொழில் 1980-களில் முளைத்தது அன்று. அங்குள்ள காய்ஷியான்கொங் கிராமத்தில் 1929-லேயே கூட்டுறவுப் பட்டு நூற்பாலை இருந்தது. அதை உருவாக்க உழைத்தவர்களில் முக்கியமானவர் ஃபெய் தாஷெங் என்ற பெண். அவருடைய தம்பி ஃபெய் ஷியாவ்தொங் 1936-இல் அந்த ஊரில் தங்கி ஆய்வு செய்து எழுதிய நூல், சீனக் கிராமத்தைப் பற்றி இன்றும் படிக்கப்படுகிற நூல். 1957-இல் அவர் மறுபடி போனார். விளைச்சல் கூடியும் குடியானவர் கையில் காசில்லை. துணைத்தொழில்கள் நின்றுபோனதே காரணம் என்று எழுதினார். அந்த ஆண்டே ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தி அவரை ஒதுக்கினார்கள். அவர் சொன்னது சரிதான் என்று அரசு உணர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சூநானில் ஆலையின் சொந்தக்காரர் ஊர்தான். நம் ஊர்ப் பஞ்சாயத்தே ஒரு வார்ப்பாலையை நடத்தி, அதன் வருமானத்தில் பள்ளிக்கூடம் கட்டி, சாலை போட்டு, உழவுக்கும் மானியம் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. ஊர்த் தலைவர்களின் பொறுப்பில் கடன் கிடைத்தது. லாபம் ஊருக்குள்ளேயே நின்றது. ஜியாங்யின் வட்டாரத்து ஹுவாஷி கிராமம், கலாசாரப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1969-லேயே மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் ஓர் இரும்புச் சாமான் பட்டறை நடத்தியது. அங்கிருந்து வளர்ந்து, 2011-இல் 328 மீட்டர் உயரத்தில் ஒரு ஓட்டலையே கட்டியது.

ஊருக்குள் இது நல்ல ஏற்பாடு. ஊருக்கு வெளியே இருந்தவர்களுக்கோ இதுவே மதில் ஆனது. 1958-இல் சட்டமான குடும்பப் பதிவு முறை, பிறந்த ஊரோடு ஒருவரைக் கட்டிப்போட்டிருந்தது. அன்ஹுய், சிச்சுவான் மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவருக்குக் கூலி உண்டு. ஊரின் பங்கில் இடமில்லை.

அப்படியானால் அவர்கள் புறப்பட்டு வந்த, கடலோரத்துக்கு அப்பாலுள்ள உள்நாட்டில் தொழிலே இல்லையா? இருந்தது. போர் வரும் என்ற அச்சத்தில் 1964 முதல் மாவோவின் அரசு பெரும் ஆலைகளை குய்ஜோ, சிச்சுவான், கான்சு பகுதிகளில் கொண்டுபோய் வைத்தது. மலையை ஒட்டி, சிதறலாக, மறைவாக என்பதே விதி. ஆட்களும் இயந்திரங்களும் கடலோர நகரங்களிலிருந்து வந்தார்கள். செய்த பொருளை அரசு எடுத்துக்கொண்டது. பக்கத்துக் கிராமத்துக்கு அந்த ஆலை ஒரு வேலையும் பிரித்துக் கொடுக்கவில்லை. தொழிலும் கற்றுத் தரவில்லை. சூநானை வளர்த்தது ஆலைக்கும் ஊருக்கும் இருந்த போக்குவரத்து. மலைப்பகுதிக்குக் கிடைத்தது ஆலை மட்டும்.

1993-இல் மத்திய, மேற்குப் பகுதிகளிலும் ஊரகத் தொழிலை விரைவுபடுத்த அரசு முடிவெடுத்தது. மேலிருந்து இலக்கு வந்தால் கீழே கணக்குக் காட்டியாக வேண்டும். சந்தையும் சாலையும் தொழில் தெரிந்த ஆளும் இல்லாத ஊர்கள்கூடக் கடன் வாங்கி ஆலை தொடங்கின. பல மூடப்பட்டன, கடன் ஊர்க் கணக்கில் தங்கிவிட்டது. சூநானைப் பார்த்து எழுதப்பட்ட திட்டத்தை மலைநாட்டில் சுமத்தியது கொள்கைப் பிழை. அதிகாரிகள் அதற்கு விலை கொடுக்கவில்லை, குடியானவர்கள் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது அந்த விலைதான். சூநானில் ஆலை லாபம் இருந்ததால் ஊராட்சி, குடியானவரிடம் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. லாபம் தரும் ஆலை இல்லாத ஊரிலும் ஆசிரியருக்கும் அலுவலருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணத்தை வரியாகவும் கட்டணமாகவும் நெல், சோளம் விளைவித்தவரிடமே வசூலித்தார்கள். தன் வருமானத்தில் பெரிய பங்கை வரியாகக் கட்டியவர் ஏழைப் பகுதிக்காரர். 1990-களில் உள்நாட்டுக் கிராமங்களில் வரி எதிர்ப்புக் கலவரங்கள் வெடித்தது இதனால்தான்.

1990-களின் பிற்பகுதியில் சூநானின் ஊர் ஆலைகள் பலவும் அவற்றை நடத்திவந்த மேலாளர்கள் கைக்கே விற்கப்பட்டன. உள்நாட்டு இளைஞர்கள் கடலோரத்துக்கு ரயிலேறிக்கொண்டே இருந்தார்கள். குடியானவர் மீதான வேளாண் வரி நாடு முழுவதும் ரத்தானது 2006 ஜனவரி 1 அன்றுதான்.

(தொடரும்)