பூட்டிக் கிடந்த ஓர்கனின் இரைச்சல்

"பிளக்கைக் குத்தினதுதான் அண்ணை, ஒரே இரைச்சல். கட்டையை அமத்தினா சத்தம் வருது, ஆனா இரைச்சலுக்குள்ள அமுங்கிப் போகுது." கிளிநொச்சிப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் ஞாயிறுதோறும் வாசிக்கும் தம்பி ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார். கையில் 1980களின் ஜப்பான் ஓர்கன். இடப்பெயர்வுக் காலத்தில் வவுனியாவில் ஓர் உறவினர் வீட்டில் சாக்கால் சுற்றி வைத்த பெட்டி அது. வருடக்கணக்காக மின்சாரத்தையே காணவில்லை.

அந்த இரைச்சலுக்கும் ஒரு சுருதி உண்டு. எங்கள் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வரும் ஆடலோட்டம். ஓர்கனுக்குள் இருக்கும் சீராக்கி அதன் இரு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் செக்கனுக்கு 100 மேடுகள் உருவாகின்றன. மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை நிரப்புவது கொள்ளளவியின் வேலை. மேடு வரும்போது ஏற்றத்தை வாங்கி வைத்து, பள்ளத்தில் விட்டுக்கொடுக்கும். அது தளர்ந்தால் 100 ஹேர்ட்ஸ் அலை நேரே ஒலிபெருக்கிக்குப் போகிறது. கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டை 98 ஹேர்ட்ஸ், ஐந்தரைக் கட்டை ஏறத்தாழ 104. இரைச்சல் இவை இரண்டுக்கும் நடுவில் நின்றால், பெட்டியைத் திறக்குமுன்பே கொள்ளளவியைச் சந்தேகிக்கலாம்.

வன்னிக்குக் கொள்ளளவி புதிதில்லை. 1990களில் பற்றரிக்குத் தடை இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் பிபிசி தமிழோசை கேட்டோம். ஒருவர் பெடல் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். டைனமோ தருவதும் ஆடலோட்டமே, அதுவும் சுற்றுகிறவரின் மூச்சுக்கேற்ப ஏறி இறங்குவது. அதைச் சீராக்கி, மட்டப்படுத்தி வானொலிக்குக் கொடுக்க இதே கொள்ளளவிதான் வேண்டும்.

மின்பகுபொருள் கொள்ளளவி என்பது சிறிய அலுமினிய உருளை. உள்ளே இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவில் திரவம் ஊறிய காகிதம், எல்லாம் பாய்போலச் சுருட்டியபடி. ஏற்றத்தைத் தாங்கும் காவலிப்படை அந்தக் காகிதம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அலுமினியத்தின் மேல் படிந்த ஒட்சைட்டுப் படை. ஒரு வோல்ற்றுக்கு 1.4 நனோமீற்றர் அளவில் வளர்க்கப்படுவது, தலைமயிரின் தடிப்போடு ஒப்பிட்டால் மிக மிக மெல்லியது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 85 பாகையில் 2000 மணித்தியாலம் தாங்கும் என்று எழுதிய கொள்ளளவி, வெப்பம் 10 பாகை குறையக் குறைய இரட்டிப்புக் காலம் உழைக்கும். 45 பாகையில் அது 32,000 மணித்தியாலம். ஞாயிறு தோறும் இரண்டு மணித்தியாலம் வாசித்தால் முந்நூறு வருடம் வரவேண்டும். வருவதில்லை. ஆளியை அணைத்து வைத்தாலும் திரவம் இறப்பர் மூடி வழியே மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இறப்பரும் முதிர்கிறது. கணக்கு என்ன சொன்னாலும், உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 15 வருடத்துக்கு மேல் உறுதி கூறுவதில்லை. தகரக் கூரையின் கீழ் வன்னி வெயிலில் கிடந்த பெட்டி, ஒரு சுரமும் வாசிக்காமலே முதுமையடைந்துவிடும்.

இதைவிட நயமான சங்கதி ஒன்றுண்டு. நீண்ட காலம் மின்னழுத்தம் இல்லாமல் கிடந்தால் ஒட்சைட்டுப் படை நலிந்துபோகிறது. அந்த நிலையில் சட்டென்று முழு அழுத்தத்தைக் கொடுத்தால், நலிந்த படை வழியே மின் கசிந்து, கொள்ளளவி சூடேறி வெடிக்கவும் கூடும். ஆனால் அழுத்தத்தைத் தடையி ஒன்றின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், திரவத்திலுள்ள ஒட்சிசனைக் கொண்டே படை தன்னைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும். அதனால் பல வருடம் மூடிக்கிடந்த எந்தக் கருவியையும் நேரே சுவரில் குத்தாதீர்கள் என்று எல்லோரிடமும் மன்றாடிச் சொல்கிறேன். முதலில் 40 வாற்று இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணையுங்கள் (எல்இடி உதவாது). பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ குறுஞ்சுற்று. அப்போதும் பல்ப் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி ஓர்கனைக் காக்கிறது.

திரவம் காய்ந்துபோன கொள்ளளவியை இப்படி மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். கொள்ளளவம் அதே அளவாக இருக்கட்டும். வோல்ற்று குறையக்கூடாது, கூடலாம். 105 பாகை வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். உருளையிலுள்ள கோடு மறை முனை. தலைகீழாகப் போட்டால் ஒட்சைட்டுப் படை அழியும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பழைய உருளையில் ஏற்றம் தங்கியிருக்கும். சில மின்வழங்கிகளில் அது 325 வோல்ற்று வரை போகும். ஸ்குரூ ட்ரைவரால் பொறி பறக்கவிடாமல் தடையி கொண்டு இறக்குங்கள்.

பெட்டியிலுள்ள எல்லாக் கொள்ளளவிகளையும் ஒரேயடியாக மாற்றும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வடிகட்டிச் சுற்றுகளில் இருக்கும் பிளாஸ்ரிக் படலக் கொள்ளளவிகள் எளிதில் கெடுவதில்லை. கருவியின் குரலையே தீர்மானிப்பவை அவைதான். 1935இல் சந்தைக்கு வந்த ஹமண்ட் ஓர்கனில் இருந்தவை மெழுகுக் காகிதக் கொள்ளளவிகள். ஈரம் இழுத்து அவற்றின் பெறுமானம் நகர நகர, ஒலியும் மங்கியது. 1960களின் நடுவில் நிறுவனமே படலக் கொள்ளளவிக்கு மாறியது. ஆனாலும் அந்த மங்கிய மென்மைதான் ஹமண்டின் குரல் என்று பழையதையே தேடுகிறவர்கள் இன்றும் உண்டு.

தம்பியின் ஓர்கனில் மூன்று உருளைகளை மட்டும் மாற்றினேன். இரைச்சல் நின்றது. புல்லாங்குழல் ஒலியில் மேல் சுரங்கள் சற்றுக் கம்மலாகவே ஒலித்தன. "அது எப்பவும் அப்பிடித்தான் அண்ணை, நான் சின்னனில கேட்டதும் இதுதான்" என்றார். அந்தப் பக்கத்தைத் தொடாமல் மூடியைத் திருகினேன்.