ஜீவனாம்சம்: பெற்றவளின் உரிமையும் பொறுப்பும்

மணவிலக்குக்குப் பின் ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேரும் பணத்தைப் பற்றி நம் மஹல்லாக்களில் இருவிதப் பேச்சுகள் உலவுகின்றன. கொடுத்தவர் வீட்டார், “எங்கள் காசில் வளையல் வாங்கி மாட்டியிருக்கிறாள்” என்பர். பெற்றவளின் வீட்டாரோ, “உனக்கு எதற்கு இவ்வளவு ரொக்கம்? தம்பியின் கடையில் போட்டு வைப்போம்” என்பர். ஒரு சாரார் கணக்குக் கேட்கின்றனர். மறு சாரார் கணக்கே இல்லாமல் எடுத்துக் கொள்கின்றனர். அப்பணம் யாருடையது என்பதை இரு சாராரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அன்புச் சகோதரிகளே! மார்க்கம் இதில் தெளிவான வழியைக் காட்டியிருக்கிறது. முதலில், ஒரே முடிச்சில் வந்தாலும் அப்பணம் முழுவதும் ஒரே வகையன்று என்பதை உணர வேண்டும்.

பணத்தின் வகைகள்

முதலாவது, மஹர். நிகாஹின்போது முழுமையாகக் கொடுக்கப்படாதிருந்தால், அது கணவர் மீது கடனாகவே நிற்கும். ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்பப் பறிக்கலாகாது என்று திருமறை (4:20) எச்சரிக்கிறது.

இரண்டாவது, இத்தா காலச் செலவு. மீட்டுக்கொள்ளத்தக்க தலாக்கில் உணவும் உறைவிடமும் கணவரின் பொறுப்பு என்பதில் மாற்றுக் கருத்தில்லை. மீள முடியாத தலாக்கிலும் இரண்டும் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். உறைவிடம் மட்டும் உண்டு, கர்ப்பிணியாயின் செலவும் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

மூன்றாவது, ‘மதாஉ’ எனும் ஆறுதல் கொடை. மணவிலக்குப் பெற்ற பெண்களுக்கு முறையோடு பயனளிப்பது இறையச்சமுடையோர் மீது கடமை என்கிறது திருமறை (2:241). செல்வர் தம் வசதிக்கேற்பவும் வறியவர் தம் நிலைக்கேற்பவும் கொடுக்க வேண்டுமென்று அளவையும் அதுவே காட்டுகிறது (2:236). உச்சவரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை.

நான்காவது, பிள்ளைகளுக்கான செலவு. மணவிலக்கு கணவன், மனைவி உறவைத்தான் முறிக்கும். தந்தை, பிள்ளை உறவை அன்று.

நாட்டின் சட்டத்திலும் இவற்றுக்கு இடமுண்டு. 1986 ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டம், மஹரையும், திருமணத்தின்போது உற்றார் அளித்த பொருள்களையும், நியாயமான ஏற்பாட்டையும் பெற வழி செய்தது. அந்த ஏற்பாடு அவளது எதிர்காலத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டும், ஆனால் இத்தாவுக்குள் செய்து முடிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 இல் விளக்கியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 ஆவது பிரிவிலும் அவள் கோரலாம் என்று 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அப்பிரிவின் இடத்தில் இன்று இருப்பது புதிய சட்டத்தின் 144 ஆவது பிரிவு. இத்தாவுக்குப் பிந்திய மாதாந்தரத் தொகை பற்றி உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயமுள்ள சகோதரி தாம் நம்பும் ஆலிம் ஒருவரிடம் தம் நிலையை விளக்கிக் கேட்டுத் தெளிவதே முறை.

அவளுக்கு அவளே உரிமையாளர்

தமக்கென வந்ததைப் பெண் எப்படிச் செலவிடலாம்? ஹலாலான எந்த வழியிலும் செலவிடலாம். முன்னாள் கணவரின் அனுமதியோ, அண்ணன் தம்பியின் ஒப்புதலோ தேவையில்லை.

ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக் பெற்று இத்தாவில் இருந்தபோது, தம் பேரீச்ச மரங்களில் கனி பறிக்க விரும்பினார்கள். வெளியே போகலாகாது என ஒருவர் தடுத்தார். அவர்கள் அண்ணலாரிடம் (ஸல்) வந்து கேட்டபோது, போய்ப் பறித்துக் கொள்ள அனுமதித்ததோடு, அதைக்கொண்டு தர்மமோ நற்செயலோ செய்யக்கூடும் என்றும் கூறினார்கள். முஸ்லிம் நூலில் பதிவான செய்தி இது. மணவிலக்குப் பெற்றவளை, பிறர் தயவில் வாழ்பவளாக அண்ணலார் பார்க்கவில்லை. பிறருக்குக் கொடுக்கும் நிலையில் உள்ளவளாகவே பார்த்தார்கள் என்பதைச் சிந்தியுங்கள்.

ஆகவே அவள் புடவை வாங்கினாலும், தையல் எந்திரம் வாங்கினாலும், விட்ட படிப்பைத் தொடர்ந்தாலும் அது அவள் விருப்பம். ஆயினும் வீண்விரயம் எவருக்கும் ஆகாது. விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலை பேணுவதே நல்லடியார் பண்பு (25:67).

பிள்ளையின் பணம் அமானிதம்

உரிமை இவ்வளவு விரிந்ததாயினும், பிள்ளைக்கென வந்த பணம் அதில் சேராது. அது தாயின் கையில் இருக்கும் அமானிதம். பள்ளிக் கட்டணம், மருந்து, உணவு, பெருநாள் உடை, வீட்டு வாடகையில் பிள்ளைக்குரிய பங்கு ஆகியன அதன் செலவுகள். அதில் தாய் நகை செய்து கொள்வது நேர்மையன்று. அநாதையின் சொத்தைப் பராமரிப்பவர் வசதியுள்ளவராயின் அதைத் தொடாதிருக்கட்டும், வறியவராயின் முறையோடு உண்ணட்டும் என்பது திருமறை (4:6) கற்பிக்கும் ஒழுக்கம். தந்தை உயிரோடிருக்கும் பிள்ளையின் பணத்திலும் அதே அச்சம் வேண்டும்.

பிள்ளையின் பணத்தைத் தனியே வைத்து, ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். “என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்? பணம் போதுமா?” என்று தந்தை கேட்பது நியாயம். நோட்டைக் காட்டுவதால் தாய்க்கு இழிவில்லை, வீண்பழியும் தீரும். ஆனால் அதையே சாக்கிட்டு அவளது வளையலுக்கும் கணக்குக் கேட்பது வரம்பு மீறல். பாலூட்டியதற்குரிய கூலியும் (65:6) தாய்க்கே உரியது. பிள்ளையின் கணக்கில் சேராது.

காத்துக் கொள்வது எப்படி?

மொத்தத் தொகை வந்த உடனே பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். இத்தா முடியட்டும், மனம் அமைதி பெறட்டும்.

அடுத்து, கடன். பிறந்த வீட்டுக்கு உதவுவது நற்செயலே. அன்னை மைமூனா (ரலி) தம் அடிமைப் பெண்ணை விடுதலை செய்தபோது, அவளைத் தம் தாய்மாமன்மாருக்குக் கொடுத்திருந்தால் நன்மை இன்னும் அதிகமாயிருக்கும் என்று நபிகளார் (ஸல்) கூறினார்கள். ஆனால் அன்பளிப்பு வேறு, கடன் வேறு. கடனாயின் தவணையைக் குறித்து எழுதி, சாட்சிகளையும் வைத்துக் கொள்ளும்படி திருமறை (2:282) கட்டளையிடுகிறது. உடன்பிறந்தவருக்கென்று அதில் விதிவிலக்கு இல்லை. “தம்பியிடம் போய் எழுதி வாங்குவதா?” என்ற கூச்சத்தால், தம்பியின் திருமணத்துக்குப் பின் பணமும் போய், பேச்சுவார்த்தையும் நின்றுபோன வீடுகள் நம் ஊர்களில் உண்டு.

மூன்றாவது, வட்டி. வங்கி வைப்பு வட்டியில் மாதச் செலவை ஓட்டலாம் என்ற எண்ணம் எளிதில் தோன்றும். பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையின்றி வீட்டில் குடியிருக்கும் ஒத்தி முறையும் கடனின் மீது பெறும் ஆதாயமே என உலமாக்கள் பலர் தடுக்கின்றனர். வாடகை தரும் சிறு கடை, இலாபத்திலும் நட்டத்திலும் பங்குள்ள எழுத்துப்பூர்வக் கூட்டு வணிகம், கைத்தொழில் ஆகியன ஹலாலான வழிகள்.

நான்காவது, ஜகாத். நிஸாப் அளவை எட்டிய தொகை ஓர் ஆண்டு கைவசம் இருந்தால் நூற்றுக்கு இரண்டரை வீதம் கடமையாகும். துயரப்பட்டுக் கிடைத்த பணமென்று அதற்கு விலக்கு இல்லை. அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு. அளவோடு அணியும் நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இல்லை.

ஜமாஅத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். பணத்தை அவளது தந்தையிடமோ அண்ணனிடமோ கொடுத்துக் கையொப்பம் பெறுவதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். உரியவளின் கையிலேயே கொடுங்கள். மஹர் இவ்வளவு, மதாஉ இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். அந்த ஒரு தாள் பின்னாளில் எழும் பல வழக்குகளைத் தடுத்துவிடும்.

பிரியும்போதும் நன்முறையில் பிரியுங்கள் என்பதே இறைவனின் கட்டளை. கொடுப்பவர் சொல்லிக் காட்டாமல் கொடுக்கவும், பெறுபவர் அமானிதம் பேணிச் செலவிடவும், உறவினர் பிறர் உரிமையில் கை வைக்காதிருக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.